உயர்மலைக் காட்டு மண்ணில் பூஞ்சைப் பன்மை: உயரமும் ஆழமும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்மலைக் காடுகளின் மண்ணில் வாழும் பூஞ்சைகளின் பன்மை இரண்டு அச்சுகளில் மாறுகின்றது. ஒன்று கடல்மட்டத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் உயரம். மற்றொன்று மண்பரப்பிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஆழம். முதல் அச்சு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. எனினும் அவ்வாய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இரண்டாம் அச்சு பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடுகின்றது. ஆல்ப்ஸ் மலையின் மரவெல்லைக் காடுகளை மையமாகவும், சுவீடன், ஈரான், ஜப்பான், அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் ஆய்வுகளை ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொண்டு, இவ்விரு அச்சுகளையும் இணைத்து நோக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை விளக்குகின்றது. மண்ணில் சேர்ந்துள்ள கரிமத்தின் எதிர்காலம் இவ்விணைப்பைச் சார்ந்துள்ளது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: பூஞ்சை, வேர்ப்பூஞ்சை, மட்குண்ணி, மரவெல்லை, மண்ணடுக்கு, பன்மை, கரிமச் சேமிப்பு.

முன்னுரை

மலையின் உயரத்திற்கேற்ப உயிரினங்கள் அடுக்கடுக்காக மாறுவதை அறிவியல் முறையில் காட்சிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802-ஆம் ஆண்டு ஆண்டீஸ் மலைத்தொடரின் சிம்போரசோ சிகரத்தில் அவர் மேற்கொண்ட ஏற்றத்தின் பயனாக, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கின்றது என்பதைக் காட்டும் மலைப்படம் உருவாயிற்று. அப்படத்தில் இடம்பெற்றவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் தாவரங்கள். அத்தாவரங்களின் வேர்களைச் சூழ்ந்து நிற்கும் பூஞ்சைகளுக்கு அத்தகைய படம் ஒன்றை வரைதல் அடுத்த இரு நூற்றாண்டுகளாக இயலாததாகவே இருந்தது. பூஞ்சையின் உடல் மண்ணுக்குள் நுண்ணிழைகளாகப் பரந்து கிடப்பதும், காளானாக வெளிப்படுவது அதன் வாழ்வில் ஒரு சிறு பொழுது மட்டுமே என்பதும் இதற்குக் காரணங்களாகும்.

மண்ணிலிருந்து நேரடியாக டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை வளர்ந்த பின்னரே இந்நிலை மாறியது. இன்று ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான பூஞ்சை வகைகளை இனங்காண முடிகின்றது. ஆயினும் அக்கைப்பிடி மண் எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யும் ஆய்வுகளுள் பல, எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு அதே அளவு கவனம் தருவதில்லை. இதனால் எழும் இடர்ப்பாடுகளையும், ஆழத்தைக் கணக்கிற்கொள்ளும்போது கிடைக்கும் தெளிவையும் பின்வரும் பகுதிகள் முறையே விளக்குகின்றன.

1. சொல்லும் பொருளும்

பூஞ்சையைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பலவாக உள்ளன. ஆம்பி என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே பயில்கின்றது. குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்று 164-ஆம் பாடலிலும், நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும், சமைத்தலை மறந்த வறியோர் இல்லத்தின் அடையாளமாகக் காளான் முளைத்தல் சுட்டப்பெறுகின்றது. நெருப்பும் புழக்கமும் அற்ற ஈர இடத்தில் இவ்வுயிர் தோன்றும் என்னும் நுண்ணிய நோக்கு அவ்விடங்களில் பொதிந்துள்ளது.

இன்றைய வழக்கில் தமிழகப் பாடநூல்கள் பூஞ்சை என்னும் சொல்லையும், இலங்கைப் பாடநூல்கள் பங்கசு என்னும் சொல்லையும் ஆள்கின்றன. காளான் என்பது அவ்வுயிரின் புலப்படும் இனப்பெருக்க உறுப்பை மட்டும் குறித்து நிற்கின்றது. இவ்வேறுபாடு இன்றியமையாதது; ஏனெனில் காளான்களை எண்ணுதலும் பூஞ்சைகளை எண்ணுதலும் வேறுவேறு முடிவுகளைத் தரும். இக்கட்டுரையில் பூஞ்சை என்பது உயிரின் முழுமையையும், இழைவலை என்பது மண்ணில் பரந்த அதன் உடலையும், காளான் என்பது மண்ணுக்கு மேல் தோன்றும் உறுப்பையும் குறிக்கும்.

வேரும் பூஞ்சையும் இணைந்து வாழும் உறுப்பிற்கு 1885-ஆம் ஆண்டு செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார். பூஞ்சை, வேர் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பு அது. தமிழில் வழங்கும் வேர்ப்பூஞ்சை என்னும் தொடர் அப்பொருளை நேரே உணர்த்துகின்றது. மண்ணில் அடியில் விளையும் டிரஃபிள் என்னும் உணவுக் காளானைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசு பணித்ததன் பேரில் தொடங்கிய ஆய்வில்தான் ஃபிராங்க் இவ்வுறவைக் கண்டறிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

2. உயர்மலைக் காடு: எல்லையும் சூழலும்

‘ஆல்பைன்’ என்னும் சொல் தாவரப் புவியியலில் மரங்கள் வளராத மேல்மண்டலத்தையே குறிக்கும். ஆகவே உயர்மலைக் காடு எனப்படுவது அம்மண்டலத்திற்குச் சற்றுக் கீழே, மரவெல்லை வரை பரந்துள்ள ஊசியிலைக் காடுகளாகும். நடு ஆல்ப்ஸ் பகுதியில் இவ்வெல்லை ஏறத்தாழ 2,200 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் அமைகின்றது. ஸ்புரூஸ், லார்ச், செம்ப்ரா பைன், மலைப் பைன் ஆகியன இங்குள்ள முதன்மை மரங்கள். இவற்றின் கீழே அவுரிநெல்லி இனத்தைச் சார்ந்த குறுஞ்செடிகளும் ரோடோடென்ட்ரான் புதர்களும் தரையை மூடி வளர்கின்றன.

உயரம் 100 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 0.5 முதல் 0.65 செல்சியசு வரை குறைகின்றது. மரவெல்லையைத் தீர்மானிப்பது இவ்வெப்பக் குறைவே என்பதைக் கிறிஸ்டியன் கோர்னரும் யென்ஸ் பால்சனும் 2004-இல் வெளியிட்ட உலகளாவிய ஒப்பாய்வு நிறுவியது. பல்வேறு மலைகளின் 46 மரவெல்லை இடங்களில் 10 செ.மீ. ஆழத்தில் மண் வெப்பநிலையை அளந்தபோது, வளர்பருவச் சராசரி 6.7 செல்சியசை ஒட்டியே அமைந்திருந்தது. மரத்தின் எல்லையைக் காட்டும் அளவீடு மண்ணுக்குள் எடுக்கப்பட்டது என்பது இங்கு எண்ணத்தக்கது.

பனியின் பங்கும் சிறப்பானது. ஆழ்ந்த பனிப்போர்வை மண்ணைக் கடுங்குளிரிலிருந்து காப்பதால், அதன் கீழே மண் உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் மாதக்கணக்கில் நிலைபெறுகின்றது. அமெரிக்காவின் கொலராடோ மலையில் மரவெல்லைக்கு மேற்பட்ட மண்ணை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, பனிக்கு அடியிலும் பூஞ்சைகள் செழித்து இயங்குவதைக் காட்டியது. குளிர்காலம் மண்ணின் உறக்கக் காலம் என்னும் பொதுக்கருத்து இதனால் திருத்தம் பெற்றது.

3. மண்ணின் அடுக்குகளும் பூஞ்சைகளின் வாழ்முறைகளும்

குளிரும் அமிலத்தன்மையும் மிக்க ஊசியிலைக் காடுகளில் சருகு முழுவதும் மட்குவதில்லை. மண்புழு முதலியன குறைவாதலால் மேலும் கீழும் கலப்பதும் அரிது. எனவே மண் தெளிவான அடுக்குகளாகப் பிரிகின்றது. மேலே புதிய சருகு. அதன்கீழ் உருச்சிதைந்த சருகு. அதன்கீழ் கருநிற மட்கு. இம்மூன்றும் கரிம அடுக்குகள். இவற்றிற்குக் கீழே கனிம மண் தொடங்குகின்றது. இரும்பும் அலுமினியமும் கரைந்து நீங்கியமையால் சாம்பல்போல் வெளிறிய அடுக்கு முதலிலும், அவை வந்து படிந்த செம்பழுப்பு அடுக்கு அதனடியிலும், சிதையத் தொடங்கிய பாறை இறுதியிலும் அமைகின்றன. இவ்வகை மண் பொட்சால் எனப்படும்.

இவ்வடுக்குகளில் வாழும் பூஞ்சைகளை உணவு பெறும் முறையால் மூன்று பெரும்பிரிவுகளாகக் கொள்ளலாம்.

அ. மட்குண்ணிகள்: இறந்த சருகையும் கட்டையையும் நொதிகளால் சிதைத்துக் கரிமத்தைப் பெறுவன.

ஆ. புறவேர்ப்பூஞ்சைகள்: மரவேரின் நுனியை உறைபோல் மூடி, வேரணுக்களின் இடைவெளிகளில் படர்ந்து, மரத்திலிருந்து சர்க்கரையைப் பெற்று, மண்ணிலிருந்து நைட்ரசன், பாஸ்பரசு, நீர் ஆகியவற்றை அதற்கு அளிப்பன. நிலத் தாவர இனங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு மட்டுமே இவ்வுறவைக் கொள்கின்றன. ஆயினும் பைன், ஸ்புரூஸ், லார்ச், ஓக் முதலிய காட்டு மரங்கள் அச்சிறு தொகுதியில் அடங்குவதால் உலகின் மரத்தண்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை இப்பூஞ்சைகளோடு வாழ்கின்றன.

இ. எரிகாய்டு வேர்ப்பூஞ்சைகள்: அவுரிநெல்லி, ரோடோடென்ட்ரான் முதலிய குறுஞ்செடிகளின் மெல்லிய வேர்களுக்குள் வாழ்ந்து, சிதைவதற்கு அரிய கரிமப் பொருளிலிருந்து நைட்ரசனைப் பெறுவன.

இவற்றோடு நோய் விளைக்கும் பூஞ்சைகளும் உள. உயரமும் ஆழமும் மாறும்போது பூஞ்சை வகைகளின் எண்ணிக்கை மட்டுமன்றி இப்பிரிவுகளின் விகிதமும் மாறுகின்றது. காட்டின் இயக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவ்விகிதமேயாகும்.

4. பன்மையை அளக்கும் முறைகள்

பூஞ்சை இனங்களின் மொத்த எண்ணிக்கை 15 இலட்சம் என 1991-இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த் மதிப்பிட்டார். 2017-இல் அவரும் ராபர்ட் லூக்கிங்கும் அம்மதிப்பை 22 முதல் 38 இலட்சம் வரை என உயர்த்தினர். முறையாகப் பெயரிட்டு விளக்கப்பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மட்டுமே. ஆகவே மண்ணிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ. வரிசைகளுள் பல பெயரில்லாத இனங்களுக்கு உரியவையாகும்.

ரைபோசோம் மரபணுக்களுக்கு இடைப்பட்ட ஐ.டி.எஸ். என்னும் பகுதி இனத்திற்கு இனம் வேறுபடுவதால் அடையாளக் குறியாகப் பயன்படுகின்றது. 1990-இல் அப்பகுதியைப் பெருக்கும் தொடக்கிகள் வெளியாயின. 1993-இல் பூஞ்சைக்கெனத் தனித்த தொடக்கி அமைக்கப்பெற்றது. 2012-இல் பூஞ்சைகளின் பொதுப் பட்டைக்குறியாக அப்பகுதி முன்மொழியப்பட்டது. கிடைத்த வரிசைகள் ஒப்புமையின் அடிப்படையில் தொகுக்கப்பெற்று, ஒவ்வொரு தொகுப்பும் ஓர் இனத்திற்கு நிகராகக் கொள்ளப்படுகின்றது.

இம்முறையில் மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வரிசைகளின் எண்ணிக்கை உயிர்த்திரளின் நேரளவு ஆகாது. இரண்டாவது, இறந்த உயிரணுக்களின் டி.என்.ஏ. மண்ணில் நெடுநாள் எஞ்சுகின்றது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, மண்ணிலுள்ள நுண்ணுயிர் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 விழுக்காடு இத்தகைய எச்சம் எனக் கண்டது. குளிர்ந்த ஆழ்மண்ணைப் பற்றிய முடிவுகளில் இது பெரிதும் கருதத்தக்கது. மூன்றாவது, ‘மேல் 10 செ.மீ.’ என ஒரே ஆழத்தில் எடுக்கப்படும் மாதிரி எல்லா இடங்களிலும் ஒரே அடுக்கைக் குறிப்பதில்லை. தாழ்ந்த காட்டில் அது கனிம மண்ணை எட்டலாம். மரவெல்லையை ஒட்டிய காட்டில் முழுதும் மட்காகவே இருக்கலாம். செ.மீ. கணக்கில் ஒத்திருப்பவை அடுக்குக் கணக்கில் ஒவ்வாதிருத்தல் கூடும்.

பன்மை என்பதும் ஒரே அளவு அன்று. ஓரிடத்தில் எத்தனை இனங்கள் உள்ளன என்பது ஆல்ஃபா பன்மை. ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் இடையே இனங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பது பீட்டா பன்மை. எண்ணிக்கை மாறாமல் இனங்கள் முற்றும் மாறுதலும் இயல்பே.

5. உயரத்தோடு மாறும் பன்மை

தாவரங்களும் விலங்குகளும் பல மலைகளில் உயரம் கூடுந்தோறும் எண்ணிக்கையில் குறைகின்றன, அல்லது இடையுயரத்தில் உச்சம் பெறுகின்றன. பூஞ்சைகளில் இத்தகைய ஒருசீர்மை காணப்படவில்லை.

வட ஈரானின் ஹிர்கானியக் காடுகளில் மொகமது பஹ்ராம் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், புறவேர்ப்பூஞ்சை இனங்கள் உயரத்தோடு தொடர்ந்து குறைந்தன. ஜப்பானின் ஃபூஜி மலையில் மியாமோட்டோ குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அதே பிரிவு இடையுயரத்தில் உச்சம் பெற்றது. அர்ஜென்டினாவின் யுங்காஸ் காடுகளில் கெம்ல் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு காட்டுவகையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது பூஞ்சைச் சமூகம் பெரிதும் மாறுவதை முதன்மையாக எடுத்துக்காட்டியது.

இவ்வேறுபாடுகளுக்குரிய காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம். உயரம் என்பது தனியொரு காரணி அன்று. வெப்பம், மழை, பனிக்காலத்தின் நீளம், மண்ணின் அமிலத்தன்மை, கரிம–நைட்ரசன் விகிதம், மர இனங்கள் ஆகிய யாவற்றையும் தன்னுள் அடக்கிய ஒரு தொகைச்சொல்லாகவே அது நிற்கின்றது. ஒரு மலையில் உயரத்தோடு ஓம்புமரங்கள் குறைந்தால் அவற்றைச் சார்ந்த பூஞ்சைகளும் குறையும். மற்றொரு மலையில் அகன்ற இலை மரங்களும் ஊசியிலை மரங்களும் இடையுயரத்தில் கலந்து நின்றால் அங்கு உச்சம் தோன்றும். மேலும், அடியும் முடியும் எல்லையாக அமைந்த வெளியில் இனங்களின் பரவல் எல்லைகள் இயல்பாகவே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிதலால் உச்சம் தோன்றுவதும் உண்டு. ஃபூஜி ஆய்வு இவ்விளைவையே முன்வைத்தது.

உலகளாவிய நிலையிலும் பிரிவுக்குப் பிரிவு வேறுபாடு உண்டு. தெடர்சூ குழுவினர் 365 இடங்களின் மண்ணை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 80,000-க்கு மேற்பட்ட வகைப்பாட்டு அலகுகள் பதிவாயின. மொத்தப் பூஞ்சைப் பன்மை வெப்பமண்டலத்தில் மிக்கிருந்தது. புறவேர்ப்பூஞ்சைகளோ மிதவெப்ப, வடகுளிர்க் காடுகளில் மிக்கிருந்தன. தாவரப் பன்மையைக் கொண்டு பூஞ்சைப் பன்மையைக் கணித்தல் பிழைபடும் என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். ஆகவே ‘உயரம் கூடினால் பூஞ்சை குறையுமா?’ என்னும் வினாவிற்கு, எந்தப் பிரிவு என்னும் எதிர்வினாவே முதல் விடையாக அமைகின்றது.

6. ஆழத்தோடு மாறும் பன்மை

ஆழம் குறித்த சான்றுகள் இதைவிடத் தெளிவானவை. சுவீடனின் பைன் காடு ஒன்றில் பியோர்ன் லிண்டால் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். அவர்கள் அடுக்குகளைத் தனித்தனியே பிரித்து, கரிம ஐசோடோப்புகளால் ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணித்தனர். மட்குண்ணிகள் விழுந்து நான்காண்டுகளுக்கு உட்பட்ட மேற்சருகிலேயே பெரும்பாலும் அடங்கியிருந்தன. அதற்குக் கீழே, மேலும் சிதைந்த சருகிலும் மட்கிலும் வேர்ப்பூஞ்சைகள் ஆட்சி செலுத்தின. மேலடுக்கில் கரிமம் வெளியேற நைட்ரசன் தங்கியது. கீழடுக்கில் நைட்ரசன் எடுக்கப்பட்டு மரத்திற்குச் சென்றது. சில செ.மீ. இடைவெளியில் இருவேறு தொழில்கள் நடைபெறுகின்றன என்பதை இது புலப்படுத்தியது.

கனிம மண்ணிலும் பூஞ்சை வாழ்வு குன்றிவிடுவதில்லை. வடசுவீடனின் ஸ்புரூஸ் காட்டுப் பொட்சால் மண்ணில் அன்னா ரோஸ்லிங் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பூஞ்சை உறையுடைய வேர்நுனிகளுள் மூன்றில் இரண்டு பங்கு கனிம மண்ணில் இருந்தன. கண்டறியப்பட்ட புறவேர்ப்பூஞ்சை வகைகளுள் பாதி அங்கு மட்டுமே காணப்பட்டன. மட்கடுக்கோடு அகழ்வை நிறுத்தியிருந்தால் அவ்வகைகள் கணக்கில் வந்திரா.

பொதுவாக ஆழம் கூடுந்தோறும் வேர்களும் எளிதில் சிதையும் கரிமமும் குறைவதால் பூஞ்சைத் திரளும் குறைகின்றது. ஆயினும் எஞ்சுவது மேலடுக்கின் மெலிந்த படி அன்று. அவ்வடுக்கிற்கே உரிய தனிச் சமூகம் அங்கு உண்டு. கனிமத் துகள்களிலிருந்து பாஸ்பரசு முதலியவற்றைப் பெறும் வாய்ப்பும், வறட்சியிலும் குறையாத ஈரமும் அதற்குத் துணை நிற்கின்றன.

7. இரு அச்சுகளும் இணையுமிடம்

மேற்கண்டவற்றை இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். உயரம் கூடுந்தோறும் குளிர் மிகுவதால் சிதைவு தாழ்கின்றது. சிதைவு தாழ்வதால் மட்கடுக்கு தடிக்கின்றது. மட்கடுக்கு தடிப்பதால் ஒவ்வொரு பூஞ்சைப் பிரிவும் வாழும் ஆழம் இடம்பெயர்கின்றது. அதாவது, உயரமானது ஆழத்தின் பொருளையே மாற்றுகின்றது. இரு உயரங்களில் ஒரே ஆழத்தில் மாதிரி எடுத்து ஒப்பிடும் ஆய்வு, உயரத்தின் விளைவு எனக் கருதுவதன் ஒரு பகுதி அடுக்கின் விளைவாகவே இருத்தல் கூடும். ஐந்தாம் பகுதியில் கண்ட முரண்களுள் சில இவ்வாறு தோன்றியிருக்க இடமுண்டு. ஆகவே ஆழ அளவோடு அடுக்கின் பெயரையும் பதிவு செய்தல் இன்றியமையாததாகின்றது.

செனோகோக்கம் ஜியோஃபிலம் என்னும் புறவேர்ப்பூஞ்சை இவ்விணைப்பிற்கு நல்ல சான்றாகும். மெலனின் என்னும் கருநிறமி செறிந்த அதன் இழைகள் குளிரையும் வறட்சியையும் தாங்குவன. மரவெல்லைக் காடுகளில் அது பரவலாகக் காணப்படுகின்றது. இறந்த பின்னும் அதன் கருநிற எச்சங்கள் மெல்லவே சிதைகின்றன. குளிரைத் தாங்க உதவும் அதே பண்பு, மண்ணில் கரிமம் தங்கவும் காரணமாகின்றது. உயரத்தில் எந்த இனம் வாழ்கின்றது என்னும் வினா, ஆழத்தில் எவ்வளவு கரிமம் சேர்கின்றது என்னும் வினாவோடு இங்கு ஒன்றாகின்றது.

8. ஆல்ப்ஸ் மரவெல்லை: காப்புக்காடும் வெப்பச் சோதனையும்

ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் ஊர்களைப் பனிச்சரிவிலிருந்து காப்பவை அவற்றிற்கு மேலுள்ள காடுகளே. 1950–51 பனிக்காலத்தில் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அடுத்தடுத்து நிகழ்ந்த பனிச்சரிவுகளால் 250-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்ட உயர்சரிவுகளில் மீண்டும் காடு வளர்த்தல் அதன்பின் முதன்மைப் பணியாயிற்று. நெடுங்காலம் மரமின்றிக் கிடந்த மண்ணில் மரத்திற்குரிய பூஞ்சையும் அருகியிருத்தல் இயல்பு. ஆஸ்திரியப் பூஞ்சையியலாளர் மைன்ஹார்ட் மோசர் (1924–2002), செம்ப்ரா பைனோடு உறவு கொள்ளும் சுயில்லஸ் புளோரன்ஸ் என்னும் பூஞ்சையை வளர்த்து, நாற்றங்காலிலேயே கன்றுகளின் வேரில் சேர்க்கும் முறையை உருவாக்கினார். பூஞ்சைப் பன்மை பற்றிய அறிவு மனித உயிரைக் காக்கும் பணியோடு இணைந்த வரலாறு இது.

சுவிட்சர்லாந்தில் தாவோஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்டில்பெர்க் சரிவில் 1975-இல் லார்ச், செம்ப்ரா பைன், மலைப் பைன் ஆகிய மூவினங்களின் ஏறத்தாழ 92,000 கன்றுகள் நடப்பெற்றன. பனி நெடுநாள் தங்கிய இடங்களில் பைன் கன்றுகள் நோய்ப்பூஞ்சைகளால் பெருமளவில் மடிந்தன. லார்ச் மிகுதியாகத் தப்பிப் பிழைத்தது. வேர்ப்பூஞ்சை வாழ்விக்க, பனிப்பூஞ்சை மாய்க்கும் இருநிலையும் அச்சரிவில் ஒருங்கே காணப்பட்டன.

அதே சரிவில் 2,180 மீட்டர் உயரத்தில் 2001 முதல் 2009 வரை கரியமில வளி மிகுவிக்கப்பட்டது. 2007 முதல் 2012 வரை வெப்பக் கம்பிகளால் மண் ஏறத்தாழ 4 செல்சியசு சூடாக்கப்பட்டது. இதன் பூஞ்சை விளைவுகளை எமிலி சோலி குழுவினர் 2017-இல் வெளியிட்டனர். கரியமில வளி மிகுந்தமையால் பூஞ்சைச் சமூகம் பெரிதாக மாறவில்லை. மண் வெப்பமோ அதனைத் தெளிவாக மாற்றியது. வெப்பத்தால் மண்ணில் கனிம நைட்ரசன் மிகுந்தது. நைட்ரசன் மிக்க சூழலை விரும்பும் புறவேர்ப்பூஞ்சைகள் பெருகின. அம்மாற்றத்தின் அளவு லார்ச்சின் கீழும் மலைப் பைனின் கீழும் வேறுபட்டது. இவ்வாய்வு கரிம அடுக்குகளைச் சார்ந்தது. கனிம அடுக்கிலுள்ள சமூகத்திற்கும் இம்முடிவை அப்படியே நீட்டிக்க இயலாது என்பதை ஆறாம் பகுதியின் சான்றுகள் உணர்த்துகின்றன.

9. கரிமச் சேமிப்பும் காட்டின் மேல்நகர்வும்

வெப்பம் மிகுந்தால் காடு மேலே நகரும். மரம் பெருகினால் கரிமச் சேமிப்பும் பெருகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மண்ணடிச் சான்றுகள் இவ்வெதிர்பார்ப்பை ஐயுறச் செய்கின்றன.

வடசுவீடனின் ஏரித்தீவுகள் 30-இல் கரினா கிளெம்மென்சன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, மண்ணில் தங்கிய கரிமத்துள் 50 முதல் 70 விழுக்காடு வேர்களிலிருந்தும் வேரைச் சார்ந்த நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தது எனக் காட்டியது. மேலிருந்து விழும் சருகே மட்கின் முதன்மை மூலம் என்னும் கருத்து இதனால் மாறியது. மண்ணின் கரிமம் கீழிருந்தும் சேர்கின்றது. அதனைச் சேர்ப்பவற்றுள் பூஞ்சையிழைகள் முதன்மையானவை.

எனினும் எல்லா வேர்ப்பூஞ்சைகளும் சேமிப்பவை அல்ல. கார்ட்டினேரியஸ் பேரினத்தின் சில இனங்கள் மாங்கனீசு பெராக்சிடேசு என்னும் நொதியால் பழைய மட்கையும் உடைத்து நைட்ரசனை எடுக்க வல்லன. சுவீடன் காடுகளில் லிண்டால் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கார்ட்டினேரியஸ் அக்கூட்டஸ் காணப்பட்ட இடங்களின் கரிம மேல்மண்ணில் கரிமச் சேமிப்பு 33 விழுக்காடு குறைந்திருந்தது. இதற்கு எதிர்நிலையாக, வேர்ப்பூஞ்சைகள் நைட்ரசனை முந்திக்கொண்டு எடுப்பதால் மட்குண்ணிகள் வலுவிழந்து சருகுச் சிதைவு தாழ்வதும் உண்டு. நியூசிலாந்தின் பைன் தோட்டத்தில் காட்கில் இணையர் 1971-இலேயே இதனைக் காட்டினர்.

வடசுவீடனின் அபிஸ்கோ பகுதியில் பார்க்கர் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, மரவெல்லையின் காட்டு மண்ணிலும் புதர் மண்ணிலும் உள்ள கரிமம், அருகிலுள்ள மரமற்ற வெளியின் மண்ணில் உள்ளதைவிடக் குறைவு எனக் கண்டது. குறுஞ்செடிகளின் எரிகாய்டு பூஞ்சைகள் ஆண்ட மண்ணில் மரங்களின் புறவேர்ப்பூஞ்சைகள் நுழையும்போது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மட்கு கரையத் தொடங்கலாம். மரத்தண்டில் சேரும் கரிமம் கண்ணுக்குத் தெரியும். மட்கிலிருந்து வெளியேறும் கரிமம் தெரிவதில்லை. ஒரு சரிவில் காடு வளர்ப்பதன் நிகரப்பயன், அதன் மண்ணில் எந்த ஆழத்தில் எந்தப் பூஞ்சை வாழ்கின்றது என்பதைப் பொறுத்தே அமையும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. உயர்மலைக் காட்டு மண்ணின் பூஞ்சைப் பன்மை உயரத்தோடு ஒரே முறையில் மாறுவதில்லை. மலைக்கு மலை, பிரிவுக்குப் பிரிவு அம்மாற்றம் வேறுபடுகின்றது.

2. ஆழத்தோடு நிகழும் மாற்றம் தெளிவானது. மேற்சருகில் மட்குண்ணிகளும், மட்கில் வேர்ப்பூஞ்சைகளும் மேலோங்குகின்றன. கனிம மண்ணிற்கு அதற்கே உரிய சமூகம் உண்டு.

3. உயரம் கூடுந்தோறும் மட்கடுக்கு மாறுவதால், ஒரே ஆழத்து மாதிரிகளின் ஒப்பீடு பிழைபடலாம். மண்ணடுக்கின் அடிப்படையில் மாதிரி எடுத்தலே முறையாகும்.

4. மண் வெப்பமடைதல் பூஞ்சைச் சமூகத்தை மாற்றும் என்பதை ஸ்டில்பெர்க் சோதனை நிறுவியுள்ளது. அம்மாற்றம் கரிமச் சேமிப்பைக் கூட்டுமா குறைக்குமா என்பது எந்த இனங்கள் பெருகுகின்றன என்பதைச் சார்ந்தது.

5. உயர்சரிவுகளில் காடு வளர்க்கும் திட்டங்கள் மரத்தேர்வோடு மண்ணடிப் பூஞ்சையையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். மோசரின் பணி இதற்கு முன்மாதிரியாக நிற்கின்றது.

ஹம்போல்ட் வரைந்த மலைப்படம் அடிவாரத்தில் தொடங்கிச் சிகரத்தில் முடிவுற்றது. பூஞ்சைகளுக்கான மலைப்படம், ஒவ்வோர் உயரத்திலும் மட்கின் கீழ்க் கனிம மண் வரை இறங்கிச் சென்றாலன்றி நிறைவுபெறாது.